நெட் இருக்கு... யார் கையில?

ஒரு சின்ன டெஸ்ட். உங்க வீட்ல எத்தனை ஸ்மார்ட்போன் இருக்குனு எண்ணுங்க. சரி, அதுல அம்மா கையில எத்தனை? தங்கச்சி கையில எத்தனை?

ஏன் கேக்கறேன்னா, என் கிளாஸ்ல ஒரு பொண்ணு. ப்ராஜெக்ட் விஷயமா என்ன மெசேஜ் போட்டாலும் ராத்திரி பதினோரு மணிக்கு மேலதான் பதில் வரும். 'மேடம் ரொம்ப பிஸி'னு செமயா ஓட்டுவோம். போன செமஸ்டர்லதான் மேட்டர் தெரிஞ்சுது. வீட்ல இருக்கிறது ஒரே ஸ்மார்ட்போன். அப்பா வேலை முடிஞ்சு வந்ததும் அது ப்ளஸ் டூ படிக்கிற தம்பி கைக்குப் போயிடும். அவன் தூங்கினப்புறம் மிச்சமிருக்கிற டேட்டாதான் இவளுக்கு. ஓட்டினதுல முதல் ஆள் நான். செம பல்பு!

இது ஒரு வீட்டுக் கதை இல்லை பாஸ். 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்பநல சர்வேப்படி, ஒரு தடவையாவது நெட்டைத் தொட்ட ஆண்கள் 57 சதவிகிதம். பெண்கள்? வெறும் 33! நம்ம தமிழ்நாட்டுல ஆண்கள் 70, பெண்கள் 47. ஒரே தெரு, ஒரே டவர், ஒரே சிக்னல். ஆனாலும் இவ்வளவு இடைவெளி!

வீட்டைத் தாண்டினா ஹாஸ்டல். கோழிக்கோடு பக்கம் ஒரு கல்லூரியின் பெண்கள் ஹாஸ்டலில் மாலை 6 முதல் இரவு 10 வரை செல்போனுக்குத் தடை. ஒரு பி.ஏ. மாணவி ஒப்புக்கொள்ளவில்லை. ஹாஸ்டலை விட்டு வெளியேற்றினார்கள். கோர்ட்டுக்குப் போனார். இணையத்தைப் பயன்படுத்துவது கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கும் என்று 2019 செப்டம்பரில் தீர்ப்பளித்த கேரள உயர் நீதிமன்றம், அவரைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. சூப்பர்ல!

கோர்ட் தீர்ப்பு நம்ம வீட்டுக்குள்ள வந்து போனைப் பிரிச்சுக் கொடுக்காது. அதை நாமதான் பண்ணணும். எங்க டீம் மீட்டிங்கை இப்ப மதியம் காலேஜ் லேப்லயே முடிச்சிடறோம். வீடியோ நோட்ஸுக்கு பதிலா பி.டி.எஃப். டேட்டா மிச்சம்! முதல் மீட்டிங்லயே என் புரோகிராம்ல மூணு தப்பைப் பிடிச்சது அந்தப் பொண்ணுதான். (ரெண்டாவது பல்பு!)

நீங்களும் இன்னிக்கு வீட்டுக்குப் போனதும், தங்கச்சி கையில போனை ஒரு மணி நேரம் கொடுங்க. 'எதுக்கு?'னு மட்டும் கேட்காதீங்க!