பாதி டேங்கி என்றால் எத்தனை லிட்டர்?

வானொலி அறைக்கு வரும் புதியவர்களுக்கு நாங்கள் முதலில் சொல்லித் தரும் பாடம் ஒன்று உண்டு: மீட்டரைப் பார், ஆனால் காதையும் நம்பு. ஒலி அளவைக் காட்டும் ஊசி அழகாக ஆடிக்கொண்டிருக்கும்; நேயர்களுக்கோ வெறும் இரைச்சல் போய்க்கொண்டிருக்கும். இந்தப் பாடத்தை நானே மறந்துபோனது கடலில்.

போன ஆண்டு பள்ளி விடுமுறையில் சித்தப்பாவின் படகில் கெத்தாம் தீவுப் பக்கம் தூண்டில் போடப் போனோம். சித்தப்பா, நான், என் எட்டு வயது மகன். 16 அடி ஃபைபர் படகு, 30 குதிரைத்திறன் எஞ்சின், இரண்டாம் கையாக வாங்கியது. கிளம்பும்போது, "எண்ணெய் போதுமா சித்தப்பா?" என்று கேட்டேன். முன்னால் இருந்த வட்ட மீட்டரைத் தட்டிக் காட்டினார். "60 லிட்டர் டேங்கிம்மா. பாதி காட்டுது பாரு. 30 லிட்டர் தாராளம்."

மீன் கடித்துக்கொண்டிருந்த உற்சாகத்தில் அதன்பிறகு மீட்டரை யாரும் பார்க்கவில்லை. இடம் மாற்றி மாற்றி ஓட்டினோம். நண்பகலுக்குச் சற்று முன்பு எஞ்சின் திக்கித் திணறி நின்றது. ஊசி காலியில் கிடந்தது. வற்றும் நீர் படகைக் கப்பல் போகும் பாதைப் பக்கமாக இழுக்கத் தொடங்கியது. நங்கூரத்தைப் போட்டோம். கைப்பேசியில் ஒரே ஒரு கோடு. "அம்மா, அந்தக் கப்பலுக்கு நாம தெரிவோமா?" என்று மகன் கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை.

இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு ஒரு சீன மீனவர் எங்களைக் கயிறு கட்டி இழுத்து வந்தார். பணம் கொடுத்தால் வாங்க மறுத்துவிட்டார். சித்தப்பா வீடு வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. எங்கே தவறு நடந்தது என்று தேடியபோது கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மீட்டர் அளப்பது உயரத்தை

டேங்கிக்குள் ஒரு மிதவை இருக்கிறது. எண்ணெய் ஏறினால் ஏறும், இறங்கினால் இறங்கும். மீட்டர் காட்டுவது அந்த உயரத்தை மட்டுமே, லிட்டரை அல்ல. பெட்டி வடிவ டேங்கியில் பாதி உயரம் என்றால் பாதி எண்ணெய். ஆனால் படகின் அடிப்பகுதிக்கு ஏற்றபடி கீழே குறுகலாகச் செய்த டேங்கியில், பாதி உயரத்துக்குக் கீழே இருப்பது பாதியைவிடக் குறைவு. எங்கள் டேங்கி அப்படிப்பட்டதுதான்.

அடுத்தது, சாய்வு. பின்பக்கம் ஆட்கள் உட்கார்ந்தாலோ, வேகம் எடுத்து முன்பக்கம் தூக்கினாலோ எண்ணெய் பின்னால் ஓடும். மிதவை டேங்கியின் நடுவில் இருந்தால் பாதிப்பு குறைவு. எங்கள் படகில் அது பின்முனையில் இருந்தது. அதனால் உள்ளதைவிட அதிகமாகக் காட்டியது.

கம்பியும் ஏமாற்றும்

மிதவை அசையும்போது மின்தடை மாறும். அதைத்தான் மீட்டர் ஊசியாக மாற்றிக் காட்டுகிறது. இதில் இரண்டு வகைகள் பரவலாகக் கிடைக்கின்றன. அமெரிக்க வகையில் காலி என்றால் 240 ஓம், நிறைந்தால் 33 ஓம். ஐரோப்பிய வகையில் காலி என்றால் 10 ஓம், நிறைந்தால் 180 ஓம். மிதவை ஒரு வகை, மீட்டர் மற்றொரு வகை என்றால், எண்ணெய் குறையக் குறைய ஊசி மேலே ஏறும்! பழுதான மீட்டரை மாற்றுபவர்கள் இதைக் கேட்டு வாங்க வேண்டும்.

உப்புக்காற்றில் கம்பி முனைகள் துருப்பிடிப்பதும் வழக்கம். கம்பி அறுந்தால் அமெரிக்க வகை மீட்டர் காலி என்று காட்டும், பயந்து திரும்பிவிடுவோம். ஐரோப்பிய வகையோ நிறைந்திருப்பதாகக் காட்டும். அதுதான் ஆபத்து.

ஐந்து ஐந்து லிட்டராக

மறுவாரம் படகை இழுவண்டியில் ஏற்றி, ரசமட்டம் வைத்துச் சமமாக நிறுத்தினோம். திறந்தவெளியில், கைப்பம்பு கொண்டு டேங்கியைக் காலி செய்தோம். வாயால் உறிஞ்சவே கூடாது. பக்கத்தில் சிகரெட்டும் கூடாது. பிறகு ஐந்து ஐந்து லிட்டராக ஊற்றினோம். ஒவ்வொரு முறையும் மூடியை இறுக்கி, பெட்ரோல் ஆவி போகும்வரை காத்திருந்து, அதன்பிறகுதான் சாவியைத் திருப்பி ஊசியைப் பார்த்துக் குறித்தோம்.

20 லிட்டரிலேயே ஊசி பாதியைத் தொட்டது. அதோடு நிறுத்தி, படகைத் தண்ணீரில் இறக்கிப் பின்னால் உட்கார்ந்து பார்த்தோம். ஒரு சொட்டுக்கூட ஊற்றாமல் ஊசி பாதியைத் தாண்டி நின்றது. அப்படியானால் அன்று காலை எங்களிடம் இருந்தது ஏறக்குறைய 15 லிட்டர். அதிலும் உறிஞ்சுகுழாய் டேங்கியின் அடிவரை எட்டாததால் கடைசி ஓரிரு லிட்டர் எஞ்சினுக்குப் போகாது.

இப்போது மீட்டரின் ஓரத்தில் லிட்டர் எண்கள் எழுதிய ஒரு சிறு ஒட்டுத்தாள் இருக்கிறது.

தூக்கி வைக்கும் பிளாஸ்டிக் டேங்கி வைத்திருப்பவர்களுக்கு வேலை இன்னும் சுலபம். சமதரையில் வைத்து அளந்து ஊற்றி, ஒரு மரக்குச்சியில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். மூடியில் உள்ள காற்றுத் திருகை ஓட்டும்போது திறந்து வைக்க மறக்காதீர்கள். மூடியிருந்தால் எண்ணெய் இருந்தும் எஞ்சின் நின்றுவிடும்.

மூன்றில் ஒரு பங்கு

எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்தால் மட்டும் போதாது; எவ்வளவு குடிக்கும் என்றும் தெரிய வேண்டும். ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின் முழு வேகத்தில் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு லிட்டர் குடிக்கும். 30 குதிரைத்திறன் என்றால் சுமார் 10 லிட்டர். பழைய டூ ஸ்ட்ரோக் இன்னும் அதிகம். எதிர்நீரில் வந்தால் அதே தூரத்துக்குக் கூடுதல் நேரம், கூடுதல் எண்ணெய். அதனால்தான் படகுக்காரர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: போக ஒரு பங்கு, வர ஒரு பங்கு, ஆபத்துக்கு ஒரு பங்கு.

ஒவ்வொரு முறை நிரப்பும்போதும் எத்தனை லிட்டர் பிடித்தது, எத்தனை மணி நேரம் ஓடியது என்று நோட்டில் எழுதினால், சில பயணங்களிலேயே உங்கள் படகின் உண்மையான கணக்கு கைக்கு வந்துவிடும். அப்படியும் கடலில் மாட்டிக்கொண்டால் நங்கூரம் போட்டு, 999 அழையுங்கள். கடல்சார் அமலாக்க நிறுவனத்துக்கும் அந்த எண்தான்.

சென்ற மாதம் மறுபடியும் போனோம். உயிர்காப்பு அங்கியை மாட்டிக்கொண்ட என் மகன், ஏறும் முன்பே கேட்டான்: "தாத்தா, எண்ணெய் எத்தனை லிட்டர்?"

சித்தப்பா மீட்டரைத் தட்டவில்லை. நோட்டைத் திறந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "45."