காரை யாரிடம் ஒப்படைப்பது?

இருங்காட்டுக்கோட்டையில் 1998இலும் ஒரகடத்தில் 2010இலும் கார்த் தொழிற்சாலைகள் உற்பத்தியைத் தொடங்கின. அங்கு உழைப்போருள் சிலர் இன்று கடன் பெற்றுத் தாமும் கார் வாங்கியுள்ளனர். அதனைப் பராமரிக்க நிறுவனத்தின் சர்வீஸ் நிலையமா, சாலையோர மெக்கானிக்கா என்னும் வினா அவ்வில்லங்களில் எழுகின்றது.

வெளியில் பழுதுபார்த்தால் உத்தரவாதம் அடியோடு போய்விடும் என அஞ்சுவோர் பலர். இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அத்தகைய பொது நிபந்தனை ஆகாதெனவும், உதிரிபாகங்கள் வெளிச்சந்தையிலும் கிடைக்க வேண்டுமெனவும் அவ்வாணை பணித்தது. நிறுவனங்கள் மேல்முறையீடு செய்ய, வழக்கு நீண்டது. ஆதலால் உத்தரவாதக் காலம் முடியுமட்டும் நிறுவனத்தையே நாடுதல் வீண் பிணக்கைத் தவிர்க்கும்.

அதன்பின் ஆயில், பில்டர், பிரேக் கட்டை ஆகியவற்றைத் தேர்ந்த மெக்கானிக்கிடம் ஒப்படைக்கலாம். கழற்றிய பாகத்தைக் கண்முன் காட்டிப் பில்லும் தருபவரே நம்பத்தக்கவர். அவரது கூலியில் பேரம் பேசுவது எனக்கு உவப்பன்று. அவருக்கும் குடும்பம் உண்டு. காற்றுப்பை முதலிய மின்னணுப் பழுதுகள் மட்டும் உரிய சோதனைக் கருவி உள்ள இடத்திற்கே செல்லட்டும்.

பலரும் மறப்பது பிரேக் ஆயிலை. அது காற்றின் ஈரத்தை மெல்ல உறிஞ்சும். ஈரமேறிய ஆயில் கடுஞ்சூட்டில் கொதித்து ஆவியாகுமாயின், மிதித்த பிரேக் பிடிக்காது. பொதுவாக இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்றுவர். குடும்பத்தோடு வேளாங்கண்ணிக்குப் புறப்படுமுன், கடைசியாக மாற்றியது எப்போதெனப் பில்லைப் பாருங்கள்.