கிலோ குறைந்தால் வலி குறையுமா? (தலைவலித் தொடர் – 14)

எடை ஏற ஏற ஒற்றைத் தலைவலி வரும் நாட்களும் ஏறுகின்றன என்று சென்ற வாரம் பார்த்தோம். அப்படியென்றால் எடை இறங்கும்போது வலியும் இறங்க வேண்டும் அல்லவா? இதைச் சோதித்துப் பார்க்க எடைக் குறைப்பு அறுவை சிகிச்சையைவிட நல்ல களம் கிடையாது. உணவுக் கட்டுப்பாட்டில் ஆறு மாதத்தில் ஐந்து கிலோ குறைவதே பெரும்பாடு. இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி நீக்கிக் குறுகலான குழாயாக்கும் ‘ஸ்லீவ்’ முறையிலும், இரைப்பையின் மேல்நுனியைச் சிறு பையாகப் பிரித்துச் சிறுகுடலோடு நேராக இணைக்கும் ‘பைபாஸ்’ முறையிலும் அதே ஆறு மாதத்தில் முப்பது கிலோவும் குறையும்.

அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரில் மிரியம் மருத்துவமனையைச் சேர்ந்த டேல் பாண்ட் குழுவினர் இதைத்தான் செய்தார்கள். ஒற்றைத் தலைவலியும் கடும் பருமனும் உள்ள 24 பேரை அறுவைக்கு முன்பும், ஆறு மாதம் கழித்தும் கணக்கெடுத்து 2011-இல் ‘நியூராலஜி’ இதழில் வெளியிட்டார்கள். 90 நாட்களில் சராசரியாக 11.1 நாள் தலைவலியோடு இருந்தவர்களுக்கு அது 6.7 நாளாகக் குறைந்திருந்தது. 11 பேருக்கு வலி நாட்கள் பாதியோ அதற்கு மேலோ குறைந்திருந்தன. வேலையும் வீடும் முடங்கும் அளவுக்கு அவதிப்பட்டவர்கள் முன்பு 12 பேர், பின்பு 3 பேர். ஆறு மாத முடிவிலும் இவர்களில் பெரும்பாலோர் பருமன் வரம்பைத் தாண்டி வெளியே வரவில்லை. ஆக, நிவாரணம் கிடைக்க ஒல்லியாக வேண்டிய அவசியமில்லை. அதே சமயம், அதிக எடை குறைந்தவர்களுக்கே வலி பாதியாகக் குறையும் வாய்ப்பும் அதிகமாக இருந்தது. இதோடு நிறுத்திக்கொண்டால் தீர்ப்பு சுலபம்: கிலோ குறைந்தது, வலி குறைந்தது.

பாண்ட் இதோடு நிறுத்தவில்லை. இந்த வாரம் என்னை விடாமல் பிடித்துக்கொண்ட செய்தி அவருடைய அடுத்த ஆய்வுதான். முதல் ஆய்வில் ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லை. தலைவலி ஏறி இறங்கும் நோய். வலி மோசமான காலத்தில்தான் யாரும் மருத்துவரைத் தேடிப் போவார்கள். அதன்பின் எதுவும் செய்யாவிட்டாலும் ஓரளவு தணியும். இந்தச் சந்தேகத்தைத் தீர்க்க, பருமனோ அதிக எடையோ உள்ள ஒற்றைத் தலைவலிப் பெண்கள் 110 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். இங்கே அறுவை இல்லை. ஒரு குழுவுக்கு 16 வாரம் உணவு, உடற்பயிற்சி என்று எடைக் குறைப்புப் பயிற்சி. இன்னொரு குழுவுக்கு அதே 16 வாரம் ஒற்றைத் தலைவலி பற்றிய பாடம் மட்டும்: அது என்ன, எப்படி வருகிறது, என்னென்ன சிகிச்சை உண்டு. எடையைப் பற்றி ஒரு அறிவுரையும் கிடையாது. வலி வந்ததா, எவ்வளவு நேரம், எவ்வளவு கடுமை என்பதை எல்லாரும் கைபேசியில் பதிந்தார்கள். 2018-இல் முடிவு வெளியானது. எடைக் குழு சராசரியாக 3.8 கிலோ இழந்தது. மாதத்தில் 3 நாள் வலி குறைந்தது. பாடக் குழுவின் எடை 0.9 கிலோ கூடியது. வலியோ மாதத்தில் 4 நாள் குறைந்தது! எடை கூடிய பெண்களும் குறைந்த பெண்களுக்கு இணையாகத் தேறினார்கள். தன் முந்தைய முடிவைத் தானே கடுமையாகச் சோதித்து, எதிர்பாராத விடையை அப்படியே அச்சேற்றிய அந்த நேர்மைக்காகவே இந்த ஆய்வு பாராட்டத்தக்கது.

நாலு கிலோவை முப்பது கிலோவோடு ஒப்பிடலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதற்கு 2020-இல் இத்தாலியின் பதுவா ஆய்வாளர்கள் தொகுத்த கணக்கு ஓரளவு பதில் தருகிறது. 10 ஆய்வுகள், 473 நோயாளிகள். எடை குறைத்தவர்களுக்கு வலியின் எண்ணிக்கை, கடுமை, நேரம் மூன்றுமே குறைந்தன. ஆனால் எத்தனை கிலோ குறைந்தது என்பதற்கும் எவ்வளவு வலி குறைந்தது என்பதற்கும் தொடர்பு காணவில்லை. அறுவையானாலும் வாழ்க்கைமுறை மாற்றமானாலும் பலன் ஏறக்குறைய ஒன்றே. 24 பேரிடம் தெரிந்த தொடர்பு பெரிய கூட்டத்தில் நிற்கவில்லை. அப்படியானால் அறுவைக்குப் பிறகு கிடைக்கும் நிவாரணம் பொய்யா? இல்லை. எடை குறையும்போது கூடவே மாறும் வேறு சில, வலியைத் தணிக்கின்றன என்பதே என் வாதம். அறுவைக்குப் பின் உணவு சிறுகுடலை விரைவில் எட்டுவதால் சாப்பிட்டதும் ஜிஎல்பி-1 என்ற குடல் ஹார்மோன் பல மடங்கு ஏறுகிறது, அதுவும் எடை பெரிதாகக் குறைவதற்கு முன்பே. இந்த ஹார்மோனைப் போல வேலை செய்யும் லிராகுளுடைட் ஊசியை நேப்பிள்ஸ் மருத்துவர்கள் பருமனும் அடிக்கடி ஒற்றைத் தலைவலியும் உள்ள 31 பேருக்கு 12 வாரம் கொடுத்தார்கள். மாதத்தில் 19.8 நாளாக இருந்த தலைவலி 10.7 நாளானது, எடையோ ஏறக்குறைய அப்படியே இருந்தது. இதிலும் ஒப்பீட்டுக் குழு இல்லை, ஆகவே இது இறுதிச் சொல் அல்ல. ஆனாலும் கிலோவைக் கடந்து பார்க்கச் சொல்கிறது.

அறுவைக்கு மறுபக்கமும் உண்டு. மூளையைச் சுற்றியுள்ள நீர் தண்டுவட உறையிலிருந்து தானாகக் கசிந்து, உள்ளழுத்தம் குறைந்து தலைவலி வந்த 338 பேரை லாஸ் ஏஞ்சல்ஸின் சீடார்ஸ்-சைனாய் மருத்துவமனை ஆராய்ந்தபோது, 11 பேர் முன்பு எடைக் குறைப்பு அறுவை செய்துகொண்டவர்கள். எழுந்து நின்றால் வலி, படுத்தால் தணிவு என்பது இதன் அடையாளம். அறுவை செய்துகொண்ட ஒருவருக்குப் புதிதாக இப்படி வந்தால், பழைய ஒற்றைத் தலைவலிதான் என்று இருந்துவிடக் கூடாது.

அறுவைக்குப் பின் எந்த வலி மாத்திரை ஆகும், எது ஆகாது என்பது தனியாக எழுத வேண்டிய விஷயம். ஒன்றை மட்டும் தள்ளிப்போட முடியாது: பைபாஸ் செய்துகொண்டவர்கள் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக், நாப்ராக்ஸன் போன்றவற்றைக் கடையில் கேட்டு வாங்கி விழுங்கக் கூடாது, இரைப்பையும் குடலும் இணையும் இடத்தில் புண் வரலாம். நீரிழிவு, ரத்த அழுத்தம், உறக்கத்தில் மூச்சுத் திணறல் ஆகியவற்றுக்காக மருத்துவர் அறுவை சொன்னால், தலைவலி குறைவதைக் கூடுதல் வரவாக எண்ணித் துணியுங்கள். தலைவலிக்காக மட்டும் யாராவது இரைப்பையை வெட்டச் சொன்னால், சான்று அதற்குப் போதாது. முதலில் வலிக் குறிப்பேட்டோடு நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்.