தமீம்: ஒரு பெயரும் அதன் வேர்ச்சொல்லும்

தாம்பரத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகை முடிந்தபின் இளைஞர் ஒருவர் என்னிடம் வந்தார். பிறந்து ஐந்து நாளான தம் மகனுக்குத் 'தமீமுன் அன்சாரி' எனப் பெயரிடப் பாட்டனார் நேர்ந்திருக்கிறார். ஆனால் தமீம் என்றால் தாயத்து என்று பொருள், அது ஷிர்க்கைச் சார்ந்த பெயர் என்று நண்பர் ஒருவர் கூறிவிட்டாராம். ஏழாம் நாளுக்கு இரண்டு நாளே எஞ்சியிருந்தன.

நண்பர் சொன்னதில் பாதி உண்மை உண்டு. தாயத்தை அரபியில் 'தமீமா' என்பர். அதைக் கண்டிக்கும் நபிமொழிகளும் உள்ளன. எனினும் இரண்டுக்கும் வேர் 'தம்ம' என்னும் வினையே. முழுமையுற்றது, நிறைவெய்தியது என்பது அதன் பொருள். அல்மாயிதா அத்தியாயத்தின் 3ஆம் வசனத்தில் அருட்கொடையை முழுமைப்படுத்தியதைக் குறிக்கும் 'அத்மம்து' இவ்வேரில் பிறந்ததே. நிறைமதியை 'பத்ர் தமாம்' என்பர். தமீம் என்பதற்கு முழு உடற்கட்டும் வலிமையும் உடையவன் என்று அகராதிகள் பொருள் தருகின்றன. மருந்தும் காப்பும் முழுமையாக அதில் அடங்கியுள்ளன என்று அறியாமைக் காலத்தார் கருதியதாலேயே தாயத்து தமீமா ஆயிற்று என்பது அகராதி ஆசிரியர்களின் விளக்கம். குற்றம் அந்த நம்பிக்கையினது. வேர்ச்சொல்லுக்கு அதில் பங்கில்லை.

பொருள் தீய பெயர்களை நபி (ஸல்) அவர்கள் மாற்றியுள்ளார்கள். ஆஸியா (மாறு செய்பவள்) என்பதை ஜமீலா ஆக்கினார்கள். பாலஸ்தீனத்திலிருந்து வந்து, கிறிஸ்தவராக இருந்து, ஹிஜ்ரீ 9இல் இஸ்லாத்தைத் தழுவிய தமீமுத் தாரீ (ரலி) அவர்களின் பெயரையோ மாற்றவில்லை. இதைவிடச் சான்று வேண்டுமா? கவிஞர்கள் ஜரீர், ஃபரஸ்தக் இருவரும் தோன்றிய பனூ தமீம் பெருங்குலமும் இப்பெயரையே தாங்குகிறது.

நம் பகுதியில் இப்பெயர் வழங்கக் காரணம் கோவளம். வண்டலூர், கேளம்பாக்கம் வழியே சென்றால் அக்கடற்கரையில் தமீமுல் அன்சாரி (ரலி) அவர்களது என மக்கள் போற்றும் அடக்கத்தலம் உள்ளது. அவர் நபித்தோழர், அவரது பேழை கடலில் மிதந்து வந்தது என்பது வழிவழிச் செய்தி. செவிவழிச் செய்தியை வரலாறாக்க நான் முற்படவில்லை. ஆனால் அவரைத் தமீமுத் தாரீயுடன் குழப்புதல் தவறு. தாரீ லக்ம் கோத்திரத்தவர், அன்சாரி அல்லர். பத்ருப் போராளிகளின் பட்டியலிலோ அன்சாரிகளிடையே தமீம் என்போர் ஒருவருக்கு மேல் உள்ளனர். கஸ்ரஜ் கிளையின் தமீம் இப்னு யஆர் அவர்களுள் ஒருவர்.

இனி அந்த 'ன்'. 2016 முதல் 2021 வரை நாகப்பட்டினம் சட்டமன்ற உறுப்பினராயிருந்தவரின் பெயரிலும் அது உண்டு. படித்தவர்கள் பலர் அதைப் பிழை என்று கருதி 'ல்' ஆக்குகின்றனர். 'அப்துல் காதிர்' என்பது வேறு. அங்கே அப்து முளாஃப், ஆகவே தன்வீன் வராது. இங்கே அன்சாரி என்பது தமீமுக்கு அடைமொழி. தமீமுன் என்ற தன்வீன் ஒலி நிற்க வேண்டும். இலக்கணப்படி முழுமையாக ஓதினால் 'தமீமுனில் அன்சாரீ' என்றாகும். இடையிலுள்ள 'இல்' பேச்சில் தேய்ந்து, 'ன்' தங்கியது என்பதே என் கருத்து. அரபி இலக்கணம் பயிலாத பாட்டிமார்களின் நாவு அதைக் காத்திருக்கிறது!

பிறப்புச் சான்றிதழில் எதை எழுதுவது என்று இளைஞர் கேட்டார். பாட்டனார் சொன்னபடியே எழுதுங்கள் என்றேன்.