கடல் நிறத்தில் பெருநாள் சரக்கு

பெருநாள் நெருங்கினால் நமது புடவைக் கடைகள் பலவற்றில் ஒரே சரக்குத்தான். கொழும்பில் மொத்தமாக எடுத்த அதே ஹபாயா, அதே சேர்ட் பக்கத்துக் கடையிலும் தொங்குகிறது. மிஞ்சுவது விலைக் குறைப்புப் போட்டி மட்டுமே. நமக்கே உரிய வடிவங்களைத் தைத்து விற்பது இதிலிருந்து மீள ஒரு வழி. அதற்குக் கருப்பொருள் தேடி வெளிநாடு போக வேண்டியதில்லை. கடல் போதும்.

இதற்கு நம் நாட்டிலேயே முன்மாதிரிகள் உண்டு. 1960களில் கன்னியாஸ்திரிகளின் நெசவுக் கூடங்களில் தொழில் பழகிய பெண்களுக்கு வடிவமைத்துக் கொடுத்தவர் பார்பரா சன்சோனி. சுற்றுப்புறத்தில் கண்ட நிறங்களையே அவர் கைத்தறிக் கோடுகளாக்கினார். 'பெயார்பூட்' நிறுவனம் அதிலிருந்து வளர்ந்தது. 2019 உலகக் கிண்ணப் போட்டியில் இலங்கைக் கிரிக்கெட் அணி அணிந்த சட்டையை, கரையோரத்தில் சேகரித்த பிளாஸ்டிக் கழிவிலிருந்து மாஸ் நிறுவனம் தயாரித்தது. அதில் கடலாமையின் உருவமும் இருந்தது. நிறமும் பொருளும் சொல்ல ஒரு செய்தியும் சேர்ந்தால் துணிக்குத் தனி மதிப்பு வருகிறது.

யாழ்ப்பாணத்திலிருந்து வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் இறங்குதுறைக்குச் சென்று பாருங்கள். ஆழமற்ற நீரின் வெளிர் பச்சை, அப்பால் கடும் நீலம், கரையில் சாம்பல் வெள்ளை. 3 நிறங்கள் கிடைத்துவிட்டன. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகுகள் புறப்படுவது இங்கிருந்துதான். நெடுந்தீவில் சாந்து பூசாமல் அடுக்கிய பவளக்கல் மதில்கள் ஒரு வடிவம். மீன் வலையின் கண்கள் இன்னொன்று. தொழுகைக்கும் உடுத்தும் உடையில் உயிரினங்களின் உருவத்தை நம் வாடிக்கையாளர் பலர் விரும்புவதில்லை. மதிலுக்கும் வலைக்கும் அந்தச் சிக்கல் இல்லை.

3 நிறம், 2 வடிவம், 2 வகை உடை என்றால் 12 மாதிரிகள். 4 அளவுகளில் ஒவ்வொன்று தைத்தால் 48 உருப்படிகள். சிறு முதலாளியும் தாங்கக்கூடிய பரீட்சை இது. துணியில் அச்சிடப் பெருந்தொகை ஓடர் கேட்பார்கள். ஆகவே முதலில் எம்பிராய்டரியிலும் துண்டு இணைப்பிலும் தொடங்குங்கள். நீலத் துணியை வெள்ளைத் துண்டோடு கழுவி, சாயம் போகிறதா எனப் பார்த்த பின்பே வெட்டுங்கள். துணி, நூல், தையல் கூலி, கழிவு அனைத்தையும் எழுதிவிட்டு விலை போடுங்கள்.

யாழ்ப்பாண முஸ்லிம்களுக்குத் தையல் புதிதல்ல. 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்படும் வரை அவர்களில் பலருக்கு அதுவே ஜீவனோபாயம். திரும்பி வந்து மெஷினை மீண்டும் மிதிப்பவருக்குக் கூலித் தையல் மட்டும் போதாது. தன் பெயர் சொல்லும் சரக்கும் வேண்டும்.

கடைசியாக ஒன்று. சாதாரண பொலியெஸ்டரைக் 'கடல் பிளாஸ்டிக்கில் நெய்தது' என்று சொல்லி விற்காதீர்கள். மெஷின் வேலையைக் கைவேலை என்று சொல்லாதீர்கள். பொருளின் குறையை மறைக்காமல் விற்பதே நமது மார்க்கம் கற்பித்த வியாபாரம். 'குறிகட்டுவான் கடலைப் பார்த்து நிறம் எடுத்தோம், எங்கள் ஊர்த் தையல்காரர் தைத்தார்' என்ற உண்மையே போதிய விளம்பரம். அதில்தான் பரக்கத்தும் இருக்கிறது.