ஆற்றுமணலில் அரசர் பெயர்

சங்கப் பாடல்கள் மூவேந்தரைப் பெயர் சுட்டிப் பாடுகின்றன. ஆயினும், அவ்வேந்தர்கள் தம் பெயர் பொறித்த நாணயங்களை வெளியிட்டனரா என்னும் வினாவிற்கு நெடுங்காலம் விடை கிடைக்கவில்லை. எழுத்தற்ற சதுரச் செப்புக்காசுகளை எவருடையவை என்று துணிந்து கூறுதல் அரிதாயிற்று. 1980களில் இந்நிலையை மாற்றியவர், 'தினமலர்' நாளிதழின் ஆசிரியராக விளங்கிய இரா. கிருஷ்ணமூர்த்தி.

பழங்காசுகளைத் தேடித் திரட்டுவதில் பெருவிருப்புடைய அவர், தம்மிடம் வந்துசேர்ந்த சிறிய சதுரச் செப்புக்காசு ஒன்றை ஆராய்ந்தார். அதன் முன்புறத்தில் குதிரை உருவமும் தமிழ்ப் பிராமி எழுத்துகளும் இருந்தன. பின்புறத்தில் கோடுகளால் அமைந்த மீன் சின்னம் இருந்தது. எழுத்துகளை அவர் 'பெருவழுதி' என்று படித்தார். வழுதி என்பது பாண்டியரைக் குறிக்கும் பெயர். சங்க நூல்களில் பெருவழுதியர் பலர் உள்ளமையால், இவர் எவர் என்று அக்காசு மட்டும் சொல்லிவிடாது. எனினும், பாட்டில் மட்டுமே வாழ்ந்த ஒரு பெயர் உலோகத்திலும் கிடைத்துவிட்டது.

அடுத்த வியப்பைக் கரூர் தந்தது. அமராவதி ஆற்றுப்படுகையில் கிடைத்த வெள்ளிக்காசு ஒன்றில் மனிதத் தலையும் 'மாக்கோதை' என்னும் சேரர் பெயரும் காணப்பட்டன. தமிழகக் காசுகளில் யானை, குதிரை, வில், மீன் ஆகியனவே மிகுதி, முகம் புதுமை. ஆள்வோரின் முகத்தைக் காசில் பொறிக்கும் வழக்கம், அலெக்சாந்தருக்குப் பின் கிரேக்க அரசர்களிடம் வேரூன்றி உரோமரிடம் பரவியதாகும். அகுசுத்தசு, திபேரியசு ஆகியோரின் வெள்ளிக்காசுகள் கொங்கு நாட்டில் மிகுதியாகக் கிடைத்துள்ளன. அவற்றைக் கண்டே சேரர் இம்முறையை மேற்கொண்டிருத்தல் கூடும்.

உரோமக் காசுகளோடு அவர் நின்றுவிடவில்லை. செலூக்கிய அரசர்கள், பினீசிய நகரங்கள், ரோட்சு, கிரீட் தீவுகள் ஆகியவற்றின் காசுகளும் கரூரில் கிடைத்துள்ளமையை 2000ஆம் ஆண்டு வெளியிட்ட ஆங்கில நூலில் விளக்கினார். உரோமரின் பொன்னும் வெள்ளியும் மிளகுக்கு விலையாக வந்தன. தம் நாட்டுக்கு வெளியே செல்லாத சிறு செப்புக்காசுகள் ஏன் கடல் கடந்தன? மாலுமியின் பையில் எஞ்சிய சில்லறையாக அவை இருந்திருக்கலாம்.

இங்கு ஒரு தடை எழுகிறது. தாம்பரத்தை அடுத்த பல்லாவரத்தில் 1863இல் இராபர்ட் புரூசு பூட் பழைய கற்கருவியைத் தாமே கண்டெடுத்தார். ஆகவே கிடைத்த இடம் ஐயமின்றித் தெரியும். ஆற்றுமணலில் கிடைத்து வணிகர் கைமாறி வரும் காசிற்கோ மண்ணடுக்குச் சான்று இல்லை. வெள்ளம் பல நூற்றாண்டுக் காசுகளை ஒன்றாகக் கலந்துவிடும். எனவே எழுத்தமைதி, எடை, சின்னம் ஆகியவற்றை ஒப்பிட்டே காலத்தைக் கணிக்க வேண்டியுள்ளது. பெருவழுதிக் காசின் காலம் குறித்து அறிஞரிடையே கருத்து வேறுபாடு நிலவுவதற்கு இதுவே காரணம்.

கிருஷ்ணமூர்த்தி 2021 மார்ச்சு மாதம் சென்னையில் காலமானார். அகழாய்வுக் குழிகளில், உரிய மண்ணடுக்கிலேயே பெயர் பொறித்த காசுகளைத் தேடும் பணி இன்றும் தொடர்கிறது.