பூவுக்கு முன் இலை

வட அமெரிக்காவின் இல்லினாய், விஸ்கான்சின், அயோவா மாநிலங்களில், ஏர் படாமல் எஞ்சிய பிரெய்ரிப் புல்வெளித் துண்டொன்றில் ஜூலை மாதத்தில் போய் நிற்கிறவருக்கு, ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து மஞ்சளாய்ப் பூத்திருக்கும் செடிகள் யாவும் சூரியகாந்தியாகவே தோன்றும். குடும்பம் ஒன்றுதான், ஆயினும் நிறத்தை மட்டும் நம்பிப் பெயர் சொல்லப் புகுந்தால் குழப்பமே மிஞ்சுமாதலால், அடியிலையிலிருந்து தொடங்குவதே உத்தமம்.

சில்பியம் என்னும் வகையைச் சேர்ந்த திசைகாட்டிச் செடியைப் பாருங்கள். நடுநரம்பை எட்டுமளவு ஆழமாகப் பிளவுபட்ட அதன் பெரிய அடியிலைகள், தரையில் படராமல் செங்குத்தாக நிமிர்ந்து, விளிம்புகள் வடக்கும் தெற்குமாக, முகங்கள் கிழக்கும் மேற்குமாக நிற்கும். காலை மாலை வெயிலை முழுமையாக வாங்கிக்கொண்டு, உச்சிவேளையின் உக்கிரத்தை விளிம்பளவில் மட்டும் ஏற்று, நீரைச் சிக்கனமாகச் செலவிடுவதற்கு இயற்கை செய்த இந்த ஏற்பாடு எனக்குப் பேராச்சரியமாகவே இருக்கிறது. ஓரிலையைக் கண்டு முடிவுகட்ட வேண்டாம். பலவற்றைச் சேர்த்துப் பார்த்தால்தான் திசை புலப்படும். தண்டிலோ விறைத்த வெண்ரோமங்களும், கசிந்து உறையும் பிசினும் உண்டு.

இதன் உடன்பிறப்புகளில் ஒன்றுக்கு நாற்பட்டைத் தண்டு. எதிரெதிர் இலைகள் அடியில் ஒன்றாய் இணைந்து மழைநீரைத் தேக்கிவைக்க, பறவைகள் வந்து பருகும். இன்னொன்றுக்கு அடியிலை அகன்று சொரசொரப்பாயிருக்கும். நெடிய தண்டில் இலையே அரிது.

இனிப் பூவுக்கு வருவோம். சூரியகாந்தியில் விதை பிடிப்பது நடுத்தட்டு. ஓரத்து இதழ்கள் மலடு. சில்பியத்தில் இது தலைகீழ். ஓரத்து இதழ் ஒன்றின் அடியைக் கூர்ந்து நோக்கினால் இரண்டாகப் பிளந்த மெல்லிய சூல்தண்டு தென்படும். சூரியகாந்தியின் இதழில் அது கிடையாது. சந்தேகம் தீர்க்க இதனினும் நல்ல சாட்சியம் இல்லை.

இயற்கை எழுத்தாளர் ஆல்டோ லியோபோல்டு, 1949-இல் வெளிவந்த தம் நூலில், விஸ்கான்சினின் பழைய கல்லறைத் தோட்ட மூலையொன்றில் பிழைத்திருந்த திசைகாட்டிச் செடி சாலைப் பணியில் வெட்டுண்டதைத் துயரத்தோடு எழுதினார். பல அடி ஆழம் இறங்கும் ஆணிவேரை உடைய இதைப் பெயர்த்து வேறிடத்தில் நடுவதும் எளிதன்று. விதையிலிருந்து வளர்ந்தால் பூக்கவே பல ஆண்டுகள் ஆகும். ஆகவே, சிகாகோ வட்டாரத்தில் வாழும் நம்மவர்கள் இதைக் கண்டால், பறிக்காமல், குனிந்து நின்றே பார்த்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.